கடைசி மேசைக்காரர்

பிற்பகல் இரண்டு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். நீளமான சாலை... ஈ காக்கை இல்லை.

என்ன முழிக்கிறீர்கள்? நடுராத்திரி, சுடுகாடு, ஒற்றைப் பனைமரம் என்று எதிர்பார்த்தீர்களா? அதெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். நான் சொல்லப் போவது பட்டப்பகலில் நடந்தது. போர்வைக்குள்ளிருந்து சிரிக்கிறவன் யாரோ, நன்றாகச் சிரித்துக்கொள். உன் வீட்டிலும் ஒரு ரூட்டர் இருக்கிறது.

இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பன் வாயைத் திறந்தால் முக்கால்வாசி புளுகு. ஆனால் இதைச் சொன்ன அன்று அவன் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டிச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த மனிதர் செயற்கைப் பல் செய்கிறவர். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் அச்சுமாவைக் கரைத்து ஊற்றி, ரோஸ் மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு முழு செட்டாக்கிக் கொடுப்பார். தெருவில் எல்லோருக்கும் பல்செட்டுக்காரர். தங்கமான மனிதர், ஒரே ஒரு குறை... சந்தேகம். வாசலில் யாராவது செருப்பை மாற்றிப் போட்டால்கூட ஏன் எதற்கு என்று ஒரு மணி நேரம் விசாரிப்பார்.

அன்று அவர் போனது ஒரு விளையாட்டு மையத்துக்கு. வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்து, பையன்கள் மணிக்கணக்கில் ஆடுவார்களே, அந்த மாதிரி இடம். மூடப் போகிறார்கள், பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ரூட்டர் வாங்கப் போனார். உள்ளே சூடான தூசியின் வாடை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் போய்விட்டன. நடத்தி வந்த அம்மாள் மட்டும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“வெளியூர்ல இருக்கிற ஆளு என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து ஆடணும்மா. அதுக்கு வழி திறக்கணுமாம். இந்த ரூட்டர்ல முடியுமா?”

“திறக்கவே வேண்டாம் சார், திறந்தேதான் இருக்கு. கடைசி மேசைக்காரருக்காக வெச்சது. தினம் ரெண்டு மணிக்கு டாண்ணு வந்துடுவார். தீவு விளையாட்டு. ஆறு மணி வரைக்கும் ஒத்தையா உக்காந்திருப்பார், யாராவது உள்ள வருவாங்களான்னு.”

“வருவாங்களா?”

“ஒருத்தரும் வந்ததில்ல.” அம்மாள் வயரை முழங்கையில் சுற்றினார். “கடைய மூடறோம்னு அவர்கிட்டதான் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல.”

பல்செட்டுக்காரர் கடைசி மேசையைப் பார்த்தார். மேலே ஒன்றுமில்லை, தூசியில் ஒரு சதுரத் தடம். நாற்காலி மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெளியே இழுபட்டுக் கிடந்தது. மணி இரண்டு பத்து. என்னவோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் அவருக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும், அதனால் ரூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வயதில் அவருக்கு எதற்கு விளையாட்டு என்று கேட்கிறீர்களா? அண்ணனுக்காக.

அவருக்கு ஒரே அண்ணன். கடல் கடந்து ஏதோ ஒரு நாட்டில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அவர் வரவில்லை. முதலாளி விடவில்லை, பாஸ்போர்ட் அவர்கள் கையில்... என்னென்னவோ சொன்னார். தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. “இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல” என்று போனை வைத்தவர் வைத்ததுதான்.

இதில் ஒரு விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா போவதற்கு முந்தின நாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவன் மேல எனக்குக் கோவம் இல்லடா. அவன்கிட்ட சொல்லிடு” என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. ஆத்திரத்தில் இவர் அதைச் சொல்லவில்லை. ஒரு வருஷம் போனது... ஆறு வருஷம் போனது. அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணனிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இரண்டே வரி. ‘சின்ன வயசுல நாம ஆடின தீவு விளையாட்டு இப்ப ஆன்லைன்ல வந்திருக்கு. ஆடலாமாடா?’ மன்னிப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. பல்செட்டுக்காரர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று குழாய்.

அந்த விளையாட்டில் தீவு ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும். மற்றவர் அங்கே வந்து சேர வேண்டும். ஆனால் வீட்டு ரூட்டர் ஒரு கண்டிப்பான வாட்ச்மேன். வெளியிலிருந்து யார் வந்தாலும் விரட்டிவிடும். ‘இந்த விளையாட்டு கேட்டு வருகிறவரை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு’ என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

சொல்லி வைக்க உட்கார்ந்தது அவரும் மச்சினனும். மச்சினன் என்றால் என் நண்பன். அப்போது வேலை தேடுகிறேன் என்று அக்கா வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா மருந்துக் கடைக்கும் மாமா பல் செய்கிற லேபுக்கும் போன பிறகு வீட்டில் அவன் ராஜ்ஜியம்தான்.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்தார்கள். ஒரே ஒரு வழி திறந்திருந்தது, தீவு விளையாட்டுக்கு. போகும் இடம் ‘கடைசி மேசை’. பக்கத்தில் அந்த மேசைக் கம்ப்யூட்டரின் எண். ஒவ்வொரு மிஷினுக்கும் பிறக்கும்போதே ஒட்டி வருகிற எண் ஒன்று உண்டு, ரூட்டர் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். மச்சினன் அதை அழித்துவிட்டு மாமாவின் கம்ப்யூட்டர் எண்ணைப் போட்டான். சேமித்தான். திரும்பத் திறந்தால்... பழைய எண்ணே நிற்கிறது. மறுபடி மாற்றினான். மறுபடியும் அதே.

“பழசு மாமா, மறை கழண்டுபோச்சு. பின்னால ஊசியால ஒரு குத்து குத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிப்போம்.”

“அழிக்காத!” என்றார் பல்செட்டுக்காரர். அது அவர் தொழில் புத்தி. பல் வாயில் சரியாக உட்காரும் வரைக்கும் அச்சை உடைக்கவே கூடாது, உடைத்தால் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் அவர் ஒரு அச்சைக்கூட அவசரப்பட்டு உடைத்ததில்லை. “நல்லா இருக்கிற அச்சுடா இது. அச்ச மாத்தாத. பல்ல மாத்து.”

அதாவது ரூட்டரை அப்படியே விட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டருக்கு அந்தக் கடைசி மேசையின் எண்ணைப் போட்டுவிடலாம் என்றார். போட முடியும். மச்சினன் தலையைச் சொறிந்தான்.

“ரெண்டு மிஷினுக்கு ஒரே நம்பர் இருந்தா ரூட்டர் குழம்பிடும் மாமா. இவனுக்கு வந்தத அவனுக்குக் குடுக்கும், அவனுக்கு வந்தத இவனுக்குக் குடுக்கும்.”

“ரெண்டாவது மிஷின் எங்கடா இருக்கு? கடையையே மூடிட்டாங்க.”

போட்டார்கள். உடனே வேலை செய்தது. பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தானே கண்டுபிடித்த வழி என்று மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை காட்டினார்.

அண்ணனுக்கு அங்கே ராத்திரி வேலை. முடித்து அறைக்கு வரும்போது இங்கே பிற்பகல் இரண்டு. பல்செட்டுக்காரர் ஆறு மணி வரைக்கும் லேபில் இருப்பார். அதனால் கம்ப்யூட்டர் பகலெல்லாம் ஓடட்டும், அண்ணன் தனியாக வந்து ஏதாவது கட்டிவிட்டுப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து ஆடலாம் என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு இருவரும் கரையில் ஒரு குடிசை போட்டார்கள். பேச்சு எல்லாம் எழுத்தில்தான்... ‘கல்லு எடு’, ‘மரம் போதாது’, ‘டேய் கூரை கோணலா இருக்கு’. ஆறு வருஷம் கழித்து அண்ணன் ‘டேய்’ என்கிறார்! மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஒன்று செய்தார். தனியாக உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை விளையாட்டின் பேச்சுப் பெட்டியில் எழுதினார். ‘உன் மேல கோவம் இல்லன்னு அப்பா சொல்லச் சொன்னார்.’ பார்த்துக்கொண்டே இருந்தார்... அனுப்ப மனம் வரவில்லை. ஆறு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? அழித்துவிட்டார். திரும்பினால் பின்னால் மச்சினன், கையில் காப்பி டம்ளர்.

“எப்படா வந்த?”

“இப்பதான் மாமா.”

இரண்டு நாள் கழித்து ஞாயிறு. அண்ணன் உள்ளே வந்ததும் எழுதிய முதல் வரி: ‘நேத்து நீ சொன்னதுலேருந்து தூக்கமே வரலடா. அப்பா நிஜமா அப்படிச் சொன்னாரா?’

பல்செட்டுக்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். ‘நான் எப்ப சொன்னேன்?’ என்று எழுத விரலைத் தூக்கியவர், எழுதவில்லை. ‘ஆமா, சொன்னார்’ என்று மட்டும் எழுதினார். மெதுவாகத் தலையைத் திருப்பி சோபாவைப் பார்த்தார். மச்சினன் கால்மேல் கால் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வீட்டில் போலீஸ் ஸ்டேஷன்தான். காலையில் கிளம்பும் முன் கீபோர்டின்மேல் அச்சுமாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து குனிந்து பார்ப்பார். மாவு கலையவில்லை. ஒரு விரல் தடம் இல்லை. மச்சினன் போனைத் துருவினார். ஒருநாள் வேலை கற்றுத் தருகிறேன் என்று அவனை லேபுக்கே இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். அடுத்த ஞாயிறு அண்ணன் சொன்னார்: ‘புதன்கிழமை நாலு மணி நேரம் பேசினோமேடா, போனதே தெரியல.’ புதன்கிழமைதான் மச்சினன் லேபில் இருந்தது. போதாதா? போதவில்லை. பாத்ரூமுக்கு இரண்டு தடவை போனானே, போனில் இருந்தபடியே பண்ணியிருப்பான் என்று முடிவு கட்டினார்.

கடைசியில் பேச்சுப் பதிவைத் திறந்தார். விளையாட்டில் யார் என்ன எழுதினாலும் நேரத்தோடு அதில் நிற்கும். வரிசையாகப் படித்தார்... அண்ணன் எழுதியது மட்டும்தான் இருந்தது.

2.04 வந்துட்டேன்டா.
2.06 ஆமா, குளிச்சிட்டுத்தான் வரேன்.
2.09 தனியாத்தான் இருக்கேன்.
2.10 இல்ல, யார்கிட்டயும் சொல்லல.
2.31 சின்ன வயசுல உன்ன கிணத்துல தள்ளிவிட்டது நான்தான். அதையும் சொல்லிட்டேன். வேற என்ன தெரியணும்?
2.40 சரி, எல்லாம் சொல்றேன். ஒண்ணு ஒண்ணா கேளு.

நடுவில் கேள்வி கேட்டவருடைய வரி ஒன்றுகூட இல்லை. தன் வரிகளை அழித்துவிட்டான், கள்ளப்பயல், என்று கொதித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வெடித்தது.

“என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் அண்ணன்கிட்ட நானா நடிக்கிறியேடா!”

“நானா? உங்கள மாதிரி நடிச்சு எனக்கு என்ன மாமா கிடைக்கப் போகுது?” நண்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“என் தம்பிய நம்பலேன்னா என்னையும் நம்பலேன்னுதான் அர்த்தம்,” என்றாள் மனைவி. “அவன் மேல சத்தியமா சொல்றேங்க, அவன் அந்த கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல.”

அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையில் மச்சினன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பகலில் அந்த வீட்டில் ஆளே கிடையாது... இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனவன் போன பிறகும் பதிவில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. வியாழக்கிழமை அவர் அரை நாள் லீவு போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. மணி ஒன்று ஐம்பத்தொன்பது... இரண்டு.

க்ளிக்.

ரூட்டரில் வயரைச் செருகினால் ஒரு சின்னச் சத்தம் வருமே, அது. அவர் எட்டிப் பார்த்தார். பின்னால் நாலு ஓட்டை. முதல் ஓட்டையில் அவர் கம்ப்யூட்டர் வயர். இரண்டு, மூன்று, நாலு... காலி. ஆனால் நாலாவதன் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தடவினார். வயர் இல்லை. விளக்கு நிற்கவும் இல்லை. எங்கிருந்தோ சூடான தூசியின் வாடை வந்தது.

திரையில் அண்ணன் வந்தார். ‘வந்துட்டேன்டா.’ இவர் அவசர அவசரமாகத் தட்டினார்: ‘அண்ணா, அது நான் இல்ல.’ போகவில்லை. திரும்பத் தட்டினார். போகவில்லை. அண்ணன் எழுதுவது எல்லாம் வருகிறது, இவர் எழுதுவது ஒன்றும் போகவில்லை. ‘ஹஹ்ஹா, அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா’ என்று அண்ணன் யாருக்கோ சிரிப்பதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி நேரம். ஆறு மணிக்கு மறுபடி ஒரு க்ளிக்... விளக்கு அணைந்தது.

மறுநாளும் லீவு. லேபிலிருந்து ரோஸ் மெழுகு கொண்டுவந்தார். தீயில் இளக்கி நாலாவது ஓட்டையில் வைத்து அழுத்தி, கத்தியால் வழித்து, ஈறு செதுக்குகிற மாதிரி சுத்தமாக அடைத்தார். இரண்டு மணிக்கு க்ளிக். மெழுகு மேசைமேல் கிடந்தது, சதுரமாக, உடையாமல். எடுத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு முதல் முறையாக மச்சினன்மேல் இருந்த சந்தேகம் போனது. போய் என்ன? அந்த விளையாட்டு மையத்து அம்மாளுக்குப் போன் போட்டார்.

“அம்மா, அந்தக் கடைசி மேசைக்காரர் யாரு? எங்க இருக்கார்?”

“தெரியாதுங்க. நான் முகத்தைப் பார்த்ததில்ல. ரெண்டு மணிக்கு அந்த மேசை ஓடுதுன்னு என் கம்ப்யூட்டர்ல காட்டும், ஆறு மணிக்கு நின்னுடும். நாற்காலிய உள்ள தள்ளி வெச்சாலும் வெளிய இழுத்துக் கிடக்கும். ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னிக்கு மட்டும் இருக்காது. நான் தொந்தரவு பண்றதில்ல, பாவம்னு விட்டுட்டேன்.”  பிறகு அந்த அம்மாள் குரலில் ஒரு சந்தோஷம். “ஏன் சார்... இப்ப யாராவது வந்துட்டாங்களா அவருக்கு?”

பல்செட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

பிடுங்கி எறிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் நண்பனிடம் நானும் கேட்டேன். வழியை அடைத்தால் அண்ணனும் வர முடியாது. ஆறு வருஷம் கழித்துக் கிடைத்தவர். விஷயத்தைச் சொல்லாமல் அடைத்தால், தம்பி மறுபடி கதவைச் சாத்திவிட்டான் என்றுதானே நினைப்பார்? ஞாயிறு வரட்டும், சொல்லிவிட்டு அடைக்கலாம் என்று இருந்தார். அண்ணனுடைய பழைய போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை, மின்னஞ்சல் போட்டார். பதில் இல்லை.

ஞாயிறு வந்தது. அண்ணன் வந்தார். இவர் எழுதுவது போயிற்று.

‘அண்ணா, நல்லா கேளு. ஞாயிறு தவிர மத்த நாள்ல உன்கூட பேசறது நான் இல்ல. வேற யாரோ. நம்பாத.’

பதில் வர ஒரு நிமிஷம் ஆனது.

‘என் தம்பி சொன்ன மாதிரியேதான் நடக்குது.’

‘என்ன சொன்னான்?’

‘ஞாயித்துக்கிழமை வர்றவன் வேற ஆள்னு சொன்னான். ஒருநாள் அவனே வந்து ‘அது நான் இல்ல’ன்னு சொல்லுவான், மெயில் போடுவான், போன் நம்பர் கேப்பான், எதுக்கும் மசியாதன்னு சொன்னான்.’

இவர் விடவில்லை. ‘நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளு, நான் சொல்றேன்’ என்று தட்டினார்.

‘அதெல்லாம்தான் அவன்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லியாச்சே. எனக்கு யார் தம்பின்னு தெரியும். அப்பா சொன்னத எனக்குச் சொன்னவன்தான் என் தம்பி. எதுவானாலும் வெள்ளிக்கிழமை நேர்ல பேசிக்கலாம். ஊருக்கு வரேன்.’

போய்விட்டார். பல்செட்டுக்காரர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொல்லியிருக்க வேண்டியதை எவனோ சொல்லி அண்ணனை வாங்கிக்கொண்டான். அழுகை, ஆத்திரம், பயம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறார்... நேரில் கட்டிப் பிடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை முழு நாள் லீவு கேட்டார். அதற்காகப் புதன்கிழமை ராத்திரி வரைக்கும் லேபிலேயே இருந்து வேலையை முடித்தார். அன்று ஒருநாள்தான் பேச்சுப் பதிவைத் திறக்கவில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர், அண்ணன் சொன்ன கிழமையை மட்டும் சந்தேகப்படவில்லை.

வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். எதிர்வீட்டு டீச்சர் கேட்டருகில் நின்று சிரித்தார்.

“உங்க அண்ணன் வந்துட்டார் போல. உங்க ஜாடையே இருக்கு.”

“எப்ப?”

“ரெண்டு மணிக்குத்தான். பெட்டியோட வந்து பெல் அடிச்சார். நீங்க ‘வா அண்ணா’ன்னு உள்ளேருந்து கூப்பிட்டீங்க, கதவு திறந்துச்சு, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போனீங்க.” டீச்சரின் சிரிப்பு மெல்ல நின்றது. “நீங்க... எப்ப வெளிய போனீங்க?”

கதவு பூட்டியிருந்தது. வெளியே, அவர் காலையில் பூட்டியபடியே. சாவி அவர் சட்டைப் பையில். மூன்று தடவை முயன்றுதான் துவாரத்தில் நுழைந்தது.

உள்ளே நடையில் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் விமான நிலையச் சீட்டு ஒட்டிய பெட்டி. கம்ப்யூட்டர் மேசைக்கு எதிரெதிராக இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்று காலி. இன்னொன்று வாய் வைக்காமல் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அடியில், மாடியில், தண்ணீர்த் தொட்டியில்... எங்கும் அண்ணன் இல்லை.

பதிவைத் திறந்தார். புதன்கிழமை, 5.52: ‘அவன்கிட்ட நீ சொன்ன மாதிரியே வெள்ளின்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்துடறேன்டா.’

போலீஸ் வந்தது. தெருக் கேமராவைப் பார்த்தார்கள். இரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு அண்ணன் உள்ளே போகிறார். அதற்குப் பிறகு யாரும் வெளியே வரவில்லை. மனைவி தம்பியைக் கூப்பிட்டாள். என் நண்பன் ஓடி வந்தான். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அவன்தான் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். இணைந்திருப்பவை என்ற பட்டியலில் ‘கடைசி மேசை’. அதற்குக் கீழே அண்ணனுடைய போன். இரண்டும் வீட்டுக்குள்ளேதான் இருப்பதாகக் காட்டியது. போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்த அண்ணன் நம்பருக்குப் போட்டால் மணி அடிக்கிறது... வீட்டில் எங்கும் சத்தம் இல்லை.

இப்போது எப்படி ரூட்டரை அணைப்பார்? அணைத்தால் அந்தப் பெயரும் போய்விடுமே. மின்சாரம் போனாலும் அது நிற்கக் கூடாது என்று அன்று ராத்திரியே ஒரு பேட்டரி வாங்கி வந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இவர் எழுதுவது போகிற நாள். மச்சினன் பக்கத்தில் நின்றான். தீவு திறந்தது. கரையில் அவர்கள் போட்ட குடிசை, வாசலில் அண்ணனுடைய உருவம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பல்செட்டுக்காரர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

‘அண்ணா, எங்க இருக்க? எங்க இருந்தாலும் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.’

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

‘என்னடா இது? எதிர்லயே உக்காந்துக்கிட்டு எதுக்கு டைப் பண்ணிக் கேக்கிற?’

இவர் அலறிக்கொண்டே தட்டினார். நான் எதிரில் இல்லை அண்ணா, எழுந்து வந்துவிடு, அவன் முகத்தைப் பார்க்காதே என்று. அது போனதா இல்லையா தெரியவில்லை. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. அது இவருக்கு எழுதியது இல்லை.

‘சரி, சரி, கோவப்படாத. இனிமே அவன்கூடப் பேசல.’